நூல் ஆன்டியின் முதுகு

நூல் ஆன்டி எனக்கு முதலில் காட்டியது முகத்தை அல்ல, முதுகைத்தான்.

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்த புதிது. புது வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அக்கம்பக்கத்தில் யாரிடம் பாலிசி இல்லை என்று பார்ப்பேன். எதிர் வீட்டு வாசலில் ஓர் அம்மா செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இறுக்கிப் போட்ட கொண்டை, இடுப்பில் இரண்டு அறை வைத்த சின்னத் துணிப்பை. "வணக்கம் ஆன்டி" என்று தொடங்கி, மனித வாழ்க்கை எவ்வளவு நிச்சயமில்லாதது என்கிற என் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவர் மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே போய்விடவில்லை. கோபப்படவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி, நட்டு வைத்த கம்பம்போல நின்றார்.

ஒரு முதுகிடம் எவ்வளவு நேரம்தான் மரணத்தைப் பற்றிப் பேசுவது? வாயை மூடினேன்.

மூடிய அந்த நொடியில் "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. குட்டையான, உருண்டையான, தேன்மிட்டாய் போன்ற ஒரு "ம்". ஆன்டி திரும்பினார். முகம் நிறையச் சிரிப்பு. இடுப்புப் பையின் வலது அறையிலிருந்து கொஞ்சம் கச்சாங் பூத்தே, அதுதான் வறுத்த கடலை, எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"புது வீடா தம்பி? சாமான்லாம் இறக்கியாச்சா?"

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "எதிர்வீட்டு ஆன்டி நல்ல மாதிரி. பார்த்ததுமே கடலை குடுத்தாங்க." அந்தப் பையின் இடது அறையில் நாய்களுக்கு வறுத்த நெத்திலி இருந்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடலையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அவருடைய உண்மையான பெயரைச் சொன்னால் தாமானில் யாருக்கும் புரியாது. நூல் ஆன்டி என்றால்தான் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன பியூட்டி பார்லர் வைத்திருந்தார். காலையில் கொமுட்டர் ரயிலைப் பிடித்துப் போய், மாலையில் அதே ரயிலில் திரும்புவார். புருவம் எடுப்பதில் அவருக்குப் பெரிய பெயர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் புருவத்தின் மேல் ஓட்டுவார். வாயில் நூல் இருக்கும்போது பேச முடியாது. அதனால் பல வருடங்களாக அவர் பேச்சு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு "ம்"மில் வந்து நின்றுவிட்டது. நாற்காலியில் இருப்பவர் நெளிந்தால் நூல் நிற்கும். அசையாமல் இருந்தால் "ம்" வரும். அவ்வளவுதான் மொத்த மொழியும்.

ஒரு முறை என் மனைவியை அழைத்து வரப் போனபோது நானே பார்த்தேன். மறுநாள் கல்யாணம் வைத்துக்கொண்டு ஒரு மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்து, நூல் நெற்றிக்கு வரும் முன்பே அலறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம், தோழிகள் மறுபக்கம். "பல்ல கடிச்சுக்கோம்மா", "மூச்ச இழுத்து விடு", "ஐயோ விடுங்க ஆன்டி, அழுவுறா." ஆன்டி நூலோடு சேர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாரும் கொஞ்ச நேரம் அந்த முதுகையும் திட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். கடை அமைதியானதும் "ம்". திரும்பி வந்து புருவத்தை எடுத்தார். பெண் கண்ணை மூடியவள் மூடியபடியே இருந்தாள். முடிந்ததும் அம்மாவுக்கும் சித்திக்கும் கடலை கிடைத்தது.

நாய் பழக்குவதை அவர் தொழிலாகச் செய்ததில்லை. ஆனால் நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் பெண்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள். புருஷனுக்கு அடுத்தபடியாக அதிகம் புகார் வந்தது நாய்களைப் பற்றித்தான். சோபாவைக் கிழிக்கிறது, கேட்டைத் திறந்தால் ஓடுகிறது, பூஜை மணி அடித்தால் கூடவே ஊளையிடுகிறது. ஆன்டி ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்புப் பையோடு அவர்கள் வீட்டுக்குப் போய்வருவார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "மனுசங்கள அசையாம உக்கார வைக்கிறதுதானே தம்பி என் வேல. நாயி அத விட லேசு. அதுக்குச் சித்தி கிடையாது" என்றார்.

எங்கள் நாய்க்குப் பெயர் ரோஜாக். பாசார் சந்தைக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடந்ததை என் மகள் தூக்கி வந்தாள். காது ஓர் இனம், வால் ஓர் இனம், நடுவில் உள்ளது எந்த இனம் என்று அதற்கே தெரியாது. கடையில் விற்கும் ரோஜாக் தட்டில் பழம், காய், வடை எல்லாம் கலந்து கிடக்குமே, அப்படி. குட்டியாக இருந்தபோது ஓடி வந்து மடியில் தாவும், நாங்கள் கொஞ்சுவோம். வளர்ந்த பிறகும் அதே தாவல்தான். ஆனால் இப்போது முன்னங்கால்கள் என் தோளில் வந்து உட்கார்ந்தன. தபால்காரர் எங்கள் கடிதங்களை எதிர் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகத் தொடங்கினார். உறவுக்காரர்கள் காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிக் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்கள். அதில் எனக்கு ஒரு வசதி இருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் என் மாமனாருக்கு முட்டியில் ஆபரேஷன் என்று முடிவானது. ரயில்வே பட்டறையில் காலம் முழுக்க வேலை பார்த்தவர், செந்தூல் ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். அந்த ஃப்ளாட்டில் லிஃப்ட் என்பது ஓர் அலங்காரப் பொருள். ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும், வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கவேண்டும்.

"இது அப்பா மேல ஒரு தடவ பாஞ்சா போதும்," என்றாள் மனைவி. "திரும்ப ஆஸ்பத்திரிதான்."

மைத்துனரிடம் தீர்வு தயாராக இருந்தது. பந்திங் பக்கம் அவருக்குக் கொஞ்சம் செம்பனைத் தோட்டமும் ஒரு கொட்டகையும் உண்டு. "நான் கொண்டு போயிடறேன் மச்சான். கொட்டகையில கட்டிப் போட்டா காவலுக்கு ஆச்சு. சங்கிலி எங்கிட்டயே இருக்கு."

மாமனாரை அழைத்துவரும் அன்றே நாயை ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. மகள் எங்கள் இருவரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டு நாயோடு மட்டும் பேசினாள். எனக்கும் சோறு இறங்கவில்லை. நான் பேசுவதை முழுதாக உட்கார்ந்து கேட்கும் ஒரே ஜீவன் அந்த வீட்டில் அதுதான். உட்கார்ந்து என்பது தப்பு. அது ஒருபோதும் உட்காராது, அதுதான் பிரச்சினையே.

எதிர் வீட்டுக்குப் போனேன். பேச வாயைத் திறந்தேன். முதுகு தெரிந்தது. மூடினேன். "ம்." இரண்டு கடலை. பிறகு சுருக்கமாகச் சொன்னேன்: "நாய காப்பாத்திக் குடுங்க ஆன்டி."

வந்தவர் நாயைப் பார்க்கவே இல்லை. போர்ட்டிக்கோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தார். "ஒவ்வொருத்தரா நாய உக்கார வைங்க, பாப்போம்."

மனைவி "உட்காரு" என்றாள். மகள் "சிட்" என்றாள். தமிழ் வீடுகளில் நாயோடு ஆங்கிலம் பேசுவது ஒரு மரபு, மகள் அதைக் காப்பாற்றி வந்தாள். நான் "டூடோக்" என்று மலாயில் சொன்னேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் என்னை உட்கார வைத்தது அந்தச் சொல்லால்தான். இன்றைக்கும் யாராவது அதைச் சத்தமாகச் சொன்னால் என் முட்டி தானாக மடங்கும். நாய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் விடவில்லை. "டூடோக் லா ரோஜாக். சிட், சிட். உக்காரும்மா தங்கம். ஆன்டி வந்துருக்காங்க பாரு, மானத்த வாங்காத." ரோஜாக் வாலை ஆட்டிக்கொண்டு என் சட்டைப் பையில் மூக்கை விட்டது.

"மூனு பாஷையில சொன்னா அது என்னா செய்யும்? மொழிபெயர்ப்பு வேலைக்கா வந்துருக்கு?" என்றார் ஆன்டி. "ஒரே சொல்லு வைங்க."

எந்தச் சொல் என்பதில் வீட்டில் சண்டை தொடங்கியது. மகள் சிட்டை விடுவதாக இல்லை. நான் டூடோக்கின் ஓசை நயத்தைப் பற்றி ஒரு சிறு உரை ஆற்றினேன். ஆன்டி முதுகைக் காட்டினார். நாங்கள் அடங்கியதும் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"வரப்போறவரு என்னான்னு சொல்லுவாரு?"

மனைவி அப்பாவைப்போலவே குரலைத் தடிமனாக்கி, "உட்காரு" என்று சொல்லிக் காட்டினாள். அவருக்கு மனிதர், மருமகன், மாடு எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான்.

"அப்ப அதான்," என்றார் ஆன்டி. மும்மொழிக் கொள்கை அன்றோடு முடிந்தது.

அடுத்தது தாவல். "நீங்க வேலைக்குப் போயிட்டு எப்படி வீட்டுக்குள்ள வரீங்க தம்பி? நடிச்சுக் காட்டுங்க." எனக்கு நடிப்பு என்றால் விருப்பம். கேட்டுக்கு வெளியே போய், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "யாரு வந்துருக்கா? அப்பா வந்துட்டேன். என் ராசா எங்க, என் சிங்கம் எங்க" என்று கூவிக்கொண்டே வந்தேன். ரோஜாக் பறந்து வந்து என் மேல் ஏறியது. நான் அதன் முகத்தைப் பிடித்துக் கொஞ்சினேன்.

ஆன்டி என் மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

"நாயி புதுசா ஒன்னும் செய்யல. நீங்க குடுத்ததத்தான் திருப்பிக் குடுக்குது. இனிமே மீட்டர் பாக்க வர்ற ஆளு மாதிரி வாங்க. சத்தம் கூடாது, கண்ணப் பாக்கக் கூடாது. பாஞ்சா கையக் கட்டிக்கிட்டுத் திரும்பிடுங்க. நாலு காலும் தரையில பட்ட நேரத்துல 'ம்' சொல்லி, குனிஞ்சு ஒரு நெத்திலி. மேல குடுத்தா மேலதான் வரும், கீழ குடுங்க." நெத்திலியை உப்புப் போகக் கழுவிக் காயவைத்து வறுப்பது எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தார். மனைவி அன்றைக்கு வறுத்ததில் பாதியை நான் தின்றுவிட்டேன், அது வேறு கதை.

மீட்டர்காரனைப்போல நான் வீட்டுக்குள் வந்த முதல் நாள், மகள் அறையிலிருந்து ஓடிவந்து, "அப்பா, அம்மாகூட சண்டையா?" என்று கேட்டாள். நான் பேசவில்லை. நாய் பாய்ந்தது. திரும்பினேன். முதுகில் பாய்ந்தது. சுவர்ப் பக்கம் திரும்பினேன். சட்டையைப் பிடித்து இழுத்தது, குரைத்தது, கால்சட்டையின் பின்பக்கத்தில் ஒரு ஜன்னல் வைத்தது. அன்று மாலை அந்த ஜன்னலோடு எதிர் வீட்டுக்குப் போய், "முன்ன விட மோசமாயிருச்சு ஆன்டி" என்றேன்.

"கேட்டது கிடைக்கலேன்னா முதல்ல சத்தம் கூடத்தான் செய்யும். நான் போன எடுக்கலேன்னா நீங்க விடாம அடிச்சிக்கிட்டே இருக்கீங்கல்ல, அந்த மாதிரி. அப்புறம் ஒரு நேரம் அடங்கும். நீங்க அடங்குனீங்கல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது அறை, இடது அறை, கடலை, நெத்திலி. குடிவந்த நாளிலிருந்து இந்த அம்மா என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய கணவரை நினைத்துப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும் மனிதர். எப்போது பார்த்தாலும் எதையோ மென்றுகொண்டிருப்பார்.

பழிவாங்குவது என்று முடிவு செய்தேன். மறுநாள் ஆன்டி ஏதோ சொல்ல வந்தபோது நான் முந்திக்கொண்டு, கையைக் கட்டி, முதுகைக் காட்டினேன். பின்னால் சத்தமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் அவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நடுத் தெருவில், முதுகுக்கு முதுகு, நடுவில் ரோஜாக். குப்பை லோரி வந்து ஹார்ன் அடித்தது. நான்தான் முதலில் பேசினேன். "சரி ஆன்டி." கடலை கிடைக்கவில்லை. ரோஜாக் உட்கார்ந்திருந்ததால் அதற்கு மட்டும் நெத்திலி கிடைத்தது.

ஆனால் நாய் மாறிக்கொண்டு வந்தது, அதை மறுக்க முடியாது. கேட்டுக்கும் ஒரு வழி சொன்னார். ரிமோட்டை அழுத்தி கேட் நகரும்போது நாய் எழுந்தால் உடனே மூடவேண்டும், உட்கார்ந்தால் திறக்கவேண்டும். எங்கள் கேட் திறந்து மூடித் திறந்து மூடிக் கிடந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுச் சீன அங்கிள், "உங்க வீட்டு கேட்டுக்குப் பேய் பிடிச்சிருக்கா பாஸ்?" என்று மலாயில் கேட்டார். என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் நாயைத் துரத்திக்கொண்டு நான் வீட்டைச் சுற்றி வந்தபோது, ஆன்டி தன் வாசலிலிருந்து, "நல்லா விளையாடுறீங்க ரெண்டு பேரும்" என்றார். அன்றோடு துரத்துவதை விட்டேன். துரத்த ஆள் வராத செருப்பில் ரோஜாக்குக்கு ருசி இல்லாமல் போய்விட்டது.

கடைசிப் பாடம்தான் என் மானத்தை முழுதாக வாங்கியது. நாய் வாக்கரைப் பார்த்ததில்லை. முதல் தடவை அதை மாமனாரோடு சேர்த்துப் பார்த்தால் பயத்தில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது என்றார் ஆன்டி. யாரிடமோ ஒரு பழைய வாக்கரை வாங்கி வந்தார். முதல் நாள் அதைச் சும்மா ஓரமாக வைத்து, அதன் காலடியில் நெத்திலியைப் போட்டார். மறுநாள் கொஞ்சம் நகர்த்தினார். அதற்குப் பிறகு அதைப் பிடித்து நடக்க ஒரு மாமனார் தேவைப்பட்டார்.

நான் கைலியைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, டக் டக்கென்று தெருவில் வாக்கரைத் தூக்கி வைத்து நடந்தேன். தினமும் மாலையில். நடிப்பில் எனக்கிருக்கும் விருப்பத்தை முன்பே சொன்னேன், ஒரு முனகலையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் வாரத்தில் சீன அங்கிள் ஆரஞ்சுப் பழங்களோடு நலம் விசாரிக்க வந்தார். மூன்று வீடு தள்ளியிருந்த அக்கா ரசம் கொடுத்தனுப்பினார். என்னிடம் பாலிசி எடுத்திருந்த ஒருவர் போன் செய்து, மிகுந்த தயக்கத்தோடு, "அண்ணே, உங்களுக்கு நீங்களே பாலிசி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். உண்மையில் எடுத்து வைத்திருக்கவில்லை.

மாமனார் வரும் நாளும் வந்தது. ஆன்டி காலையிலேயே வந்து சொல்லிவிட்டார். மகள் நாயின் கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு போர்ட்டிக்கோவின் உள் ஓரத்தில் நிற்பாள், நெத்திலி அவள் கையில். மனைவி அப்பாவைப் பிடித்து அழைத்து வருவாள். "நான் என்ன செய்யணும் ஆன்டி?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு இருங்க தம்பி. அது ஒன்னுதான் பாக்கி."

மைத்துனரின் வண்டி வந்து நின்றது. பின்பக்கத்தைத் திறந்தார். பெட்டி, தலையணை, வாக்கர், அதற்கடியில் சுருட்டி வைத்த சங்கிலி. மாமனாரின் துணிப்பையிலிருந்து ஒரு ரோத்தான் பிரம்பு எட்டிப் பார்த்தது. "நாயி இருக்குன்னு சொன்னாங்க," என்றார் இறங்கும்போதே. "அதான் கொண்டாந்தேன்." மகளின் முகம் வெளிறிவிட்டது.

டக் என்று வாக்கர் தரையில் ஊன்றியது. ரோஜாக்கின் உடம்பு முழுக்க விறைத்தது. எதிர் வாசலில் ஆன்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு டக். நாயின் பின்கால்கள் தயாராவதைப் பார்த்தேன், அந்தத் தயாரிப்பு என் தோள்களுக்கு நன்றாகத் தெரியும். மாமனாரும் பார்த்துவிட்டார். பட்டறையில் இரும்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"உட்காரு."

ரோஜாக் உட்கார்ந்தது. எனக்கும் முட்டி லேசாக மடங்கியது, சமாளித்துக்கொண்டேன்.

எதிர் வாசலிலிருந்து "ம்" வந்தது. மகள் குனிந்து நெத்திலியைக் கொடுத்தாள். டக், டக் என்று மாமனார் கேட்டைத் தாண்டினார், நாயைத் தாண்டினார், நாற்காலியைப் பிடித்து அமர்ந்தார். நாய் இருந்த இடத்தில் இருந்தது, வால் மட்டும் தரையைப் பெருக்கியது. மைத்துனர் வாயைத் திறந்தபடி நின்றார். எல்லாம் முடிந்துவிட்டது. நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. அதாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டும்தான்.

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து, கைகள் தாமாக விரிந்து, "பாத்தீங்களா மாமா, யாரு நல்ல பிள்ள? என் ராசா எங்க, என் சிங்கம் எங்க" என்று வந்துவிட்டது.

ராசா வந்தது. வார் மகளின் கையிலிருந்து உருவிக்கொண்டு போக, சிங்கம் போர்ட்டிக்கோவைக் கடந்து என் நெஞ்சில் இறங்கியது. நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால் தெரு ஓரத்து லொங்காங் இருந்தது. நல்ல வேளையாக அன்றைக்கு அந்தச் சாக்கடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர்.

"நான்தான் சொன்னேன்ல," என்று மைத்துனர் வண்டியின் பின்பக்கம் போனார். சங்கிலி சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்து நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். லொங்காங்குக்குள் மல்லாந்து கிடந்தபடி நான் நினைத்தது ஒன்றுதான்: இத்தனை வாரம் அந்த நாய் படித்தது, ஃபெயில் ஆனது நான்.

"இருடா," என்று மகனை நிறுத்தியது மாமனாரின் குரல். "நாயி எம்மேலயா பாஞ்சிச்சு?"

"இல்லப்பா, ஆனா..."

"நான் அது மூக்குக்கு முன்னால நடந்து வந்தேன். அது உக்காந்துதான் இருந்துச்சு. கூப்புட்டவன்கிட்டதான் போச்சு." ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "இந்த வீட்டுல யாரையாச்சும் தோட்டத்துல கொண்டு போயி கட்டணும்னா மாப்பிள்ளையக் கொண்டு போ. சங்கிலி தாங்குமான்னு பாத்துக்கோ."

மனைவிதான் முதலில் சிரித்தாள். பிறகு மகள், பிறகு கையில் சங்கிலியோடு மைத்துனர். ஆன்டி தெருவைக் கடந்து வந்தார். லொங்காங் ஓரமாக வந்தும் என்னைப் பார்க்காமல் நேரே போய் மாமனார் முன்னால் நின்றார். "ம்," என்றார். வலது அறையிலிருந்து ஒரு கை நிறையக் கடலை. முன்பின் தெரியாதவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், ஒரு கடலையை வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் போட்டார்.

"ஆன்டி, கொஞ்சம் கை குடுங்களேன்," என்றேன் கீழேயிருந்து. "இடுப்புப் பிடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு. இந்தத் தண்ணி வேற..."

முதுகு தெரிந்தது.

வாயை மூடினேன். கை வந்தது.

அதன் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் நல்லதுதான். ரோத்தான் பிரம்பைப் பாகற்கொடிக்கு ஊன்றுகோலாக நட்டுவிட்டார்கள். சங்கிலி தனியாகவே பந்திங் போய்ச் சேர்ந்தது. மாமனார் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்து, கைத்தடியோடு ரோஜாக்கை நடத்திக்கொண்டு தெருமுனை வரை போய்வரத் தொடங்கினார். அவர் வேகத்துக்கு அது நடக்கும், ஓரிடத்தில் நின்றால் பக்கத்தில் உட்காரும். மாலையில் நான் அரசியல் பேச ஆரம்பித்தால் நாற்காலியோடு மறுபக்கம் திரும்பிக்கொள்வார். இதை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் ஆன்டி வீட்டு வாசற்படியில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கே ஆச்சரியம். மழை வரும்போல இருந்தது, செம்பருத்தி ஆடிக்கொண்டிருந்தது, சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ஆன்டி திரும்பிப் பார்த்து, "சரி தம்பி, அந்த இன்சூரன்ஸ் என்னான்னு இப்ப சொல்லுங்க" என்றார். என் வாழ்க்கையிலேயே மிகக் குறைந்த சொற்களில் விற்ற பாலிசி அது. இப்போதும் வாடிக்கையாளர்களிடம் போனால் முதலில் அவர்களைப் பேச விடுகிறேன். வியாபாரம் பரவாயில்லை.

பேரப் பிள்ளை பிறந்ததும் ஆன்டியும் கணவரும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளோடு இருக்க பெர்த்துக்குப் போய்விட்டார்கள். கிளம்பும் அன்று நாங்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவருக்கும் கடலை கொடுத்தார். என்னிடம் வந்தபோது மட்டும், "நல்லா முன்னேறிட்டீங்க தம்பி" என்றார். இதே சொற்களை அவர் ஒரு வாரம் முன்பு சீன அங்கிளின் நாய்க்குட்டியிடமும் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அதனால் என்ன, பாராட்டு பாராட்டுத்தான்.

போன மாதம் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். நீங்கள் இல்லாமல் தெருவே வெறிச்சென்று இருக்கிறது, மாமா கைத்தடி இல்லாமல்கூட நடக்கிறார், ரோஜாக் இன்னும் கேட்டுக்குள் உட்கார்ந்து உங்கள் வாசலைப் பார்க்கிறது, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பூனை வளர்க்கிறார்கள், என்றெல்லாம் நீளமாக, உருக்கமாக, இடையில் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியிருந்தேன். கேட்டுவிட்டார் என்று நீலக் கோடுகள் சொல்லின. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கடல் தாண்டியும் ஒரு முதுகு திரும்ப முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நேற்று சாயங்காலம் மாமா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு ரோஜாக்கும் தூங்கியது. ஒரு படம் எடுத்தேன். ஒரு சொல்லும் சேர்க்காமல் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. ஒரு குரல் பதிவு, ஒரு நொடிகூட இருக்காது. சத்தத்தைக் கூட்டி வைத்து அழுத்தினேன்.

"ம்."

ரோஜாக் துள்ளி எழுந்து உட்கார்ந்து நெத்திலிக்காக என் முகத்தைப் பார்த்தது. மாமா கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை நீட்டினார். அவர் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கையும் ஏந்தியபடி நீண்டிருந்தது. யாருடையது என்று பார்த்தால், என்னுடையதுதான்.